சாட்டர்ட்டன் துரை சரிதம்

தாம்பரத்தினின்று சென்னை நோக்கி இருப்புப்பாதை வண்டியிற் செல்வோர், சானடோரியம் கடந்தவுடன் குரோம்பேட்டை என்னும் நிலையத்தைக் காண்பர். அதனை அடுத்துள்ள பல்லாவரம் பல்லவரை நினைப்பூட்டும் பெயருடையது. பரங்கிமலைக்கும் ஒரு வரலாறு உண்டு. குரோம்பேட்டை என்னும் பெயரோ மன்னரையும் குறியாது, தெய்வத்தையும் குறியாது, மரத்தையோ நீர்நிலையையோ குறிப்பதுமன்று. சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, இப்பெயரின் பொருள் யாதென வினவினான். ஊர்ப்பெயர்களைப் பகுதி விகுதி பிரித்துப் பொருள் கூறிப் பழகிய யாம் அன்று விடை கூறமாட்டாது நின்றோம். மறுநாட் கூறுவதாகச் சொல்லி அவனை அமர்த்தினோம்.

குரோமியம் என்பது ஓர் உலோகம். அதன் உப்புக்களைக் கொண்டு தோலைப் பதனிடும் முறைக்குக் குரோம் பதனீடு என்பது பெயர். அம்முறையில் தோல் பதனிடுதற்பொருட்டு, ஜார்ஜ் அலெக்ஸாண்டர் சேம்பர்ஸ் என்னும் வணிகர் 1912-ஆம் ஆண்டில் பல்லாவரத்தின் அருகே குரோம் லெதர் கம்பெனி என்னும் தொழிற்சாலையை நிறுவினார். ஆலையின் பெயர் பேட்டைக்கும் ஆயிற்று. இவ்வளவே அம்மாணவனுக்கு யாம் மறுநாட் கூறிய விடை. ஆயின் எம் உள்ளம் அவ்வளவில் அமைதி பெறவில்லை. அயல்நாட்டில் தோன்றிய ஓர் அறிவு நம் ஊர்ப்புறத்திற்கு எவ்வழி வந்தது? அதனைக் கொணர்ந்தார் யாவர்? ஒருவர் அறிந்ததைப் பலரும் அறிந்தது யாங்ஙனம்? இவ்வினாக்களைத் தொடர்ந்து சென்றவிடத்து எமக்குக் கிடைத்ததே ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் பெரியாரின் வரலாறு. ஐந்தொழில் மரபினராகிய நாம் அதனை அறிந்துகொள்ளுதல் பலவாற்றானும் நலம் பயப்பதாகலின், ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

வரலாற்றினுட் புகுமுன் எம் குடும்பத்து நிகழ்ச்சியொன்றைக் கூறுதல் வேண்டும். எம் பாட்டனார் வெண்கலம் வார்ப்பதில் வல்லவர். செம்பும் வெள்ளீயமும் எவ்வளவிற் கலந்தால், எவ்வளவு நேரம் உருக்கினால், மணியின் நாதம் நெடிது நிற்கும் என்பதனை அறிந்தவர். அவ்வளவைத் தம் மூத்த மகனுக்கன்றிப் பிறர்க்கு உரைப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். மூத்த மகனாராகிய எம் பெரிய தந்தையார் இளமையிலேயே காலஞ்சென்றார். எம் தந்தையார்க்கு அது சொல்லப்படவில்லை. ஒருநாள் பாட்டனார் பேச்சிழந்து படுத்தார், பின்பு எழுந்திலர். உலைக்களம் இருந்தது, துருத்தியும் கருவிகளும் இருந்தன, அறிவு ஒன்றே போய்விட்டது. நம்மவர் வீடுகள் பலவற்றிலும் இத்தகைய கதை ஒன்று இருக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை. இதனை உளங்கொண்டு மேல்வரும் சரிதத்தைப் படிப்பார்களாக.

சாட்டர்ட்டன் 1866-ஆம் ஆண்டில் பிறந்தவர். இலண்டன் மாநகரில் பொறியியற் கல்வி பயின்றார். 1888-ல், இருபத்திரண்டு ஆண்டு நிரம்பும் பருவத்தில், சென்னைப் பொறியியற் கல்லூரிக்குப் பேராசிரியராகக் கப்பலேறி வந்தார். அக்கல்லூரி அந்நாளிற் சேப்பாக்கத்தில் இருந்தது. கிண்டிக்கு அது பெயர்ந்தது 1920-ல் தான். பாலமும் அணையும் கட்டும் கணக்குகளை இளைஞர்க்குக் கற்பித்தலே அவர்க்கு விதிக்கப்பட்ட பணி. அப்பணியைச் செய்து, ஊதியம் பெற்று, காலம் முடிந்தபின் தம் நாடு திரும்பியிருப்பின் அவரைக் குற்றங் கூறுவார் ஒருவரும் இரார், நினைப்பாரும் இரார். அவரோ கல்லூரி மதிலுக்கு வெளியே கண்ணைச் செலுத்தினார். சீமையினின்று வந்திறங்கும் சரக்குகளால் நம் கைத்தொழிலாளர் நாளுக்கு நாள் நலிவதைக் கண்டார். இந்நாட்டார்க்குக் கைத்திறம் குறைவன்று. புதிய பொருளும் புதிய முறையும் அவர் கைக்கு எட்டாமையே குறை என்று துணிந்தார்.

1850-ல் தொடங்கப்பெற்ற சென்னைக் கலைத்தொழிற் பள்ளி அவர் பொறுப்பில் வந்த காலத்து, அத்துணிவைச் செயலிற் காட்ட வாய்ப்பு நேர்ந்தது. அவர் முதலில் எடுத்துக்கொண்டது அலுமினியம். மண்ணில் நிரம்பக் கிடப்பினும் பிரித்தெடுத்தற்கு அரிதாயிருந்தமையின், ஒருகாலத்தில் அரும்பொருளாக மதிக்கப்பெற்ற உலோகம் அது. 1886-ல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் இருவர் ஒருவரையொருவர் அறியாமல் மின்சாரத்தாற் பிரிக்கும் வழியைக் கண்டனர். அதன்பின் விலை விரைந்து வீழ்ந்தது. சாட்டர்ட்டன் 1898-ல் அலுமினியத் தகடுகளை வருவித்து, கலைத்தொழிற் பள்ளியிற் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். பித்தளையும் செம்பும் அடித்துப் பழகிய கைக்கு அத்தகடு எளிதில் வயப்பட்டது. பித்தளைப் பாத்திரத்திற்கு அடிக்கடி ஈயம் பூசுதல் வேண்டும், இதற்கு வேண்டா. எடையோ மிகக் குறைவு.

இங்கே ஒரு செய்தி நாம் ஊன்றி நோக்கற்பாலது. அரசாங்கத் தொழிற்சாலை அத்தொழிலைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. அங்கே பயின்ற கை வெளியே சென்றது. அங்கே செய்த பாத்திரம் கடைக்கு வந்தது. கடையிற் கண்டவர் தாமும் தகடு வாங்கி அடிக்கத் தலைப்பட்டனர். தனியார் பட்டறைகள் தோன்றின. 1903-ல், தொழில் தன் காலில் நிற்கும் வலிமை பெற்றுவிட்டதென்று கருதி, அரசாங்கம் தன் பாத்திரத் தொழிலை இந்தியன் அலுமினியம் கம்பெனிக்கு விற்றுவிட்டது. கன்று தாயை விட்டுத் தனியே மேயத் தொடங்கிய பின்னர்க் கட்டுத்தறி எதற்கு என்பதே சாட்டர்ட்டன் கருத்து.

ஓர் ஊரிற் தொழிலறிவு பரவுதற்கு வழிகள் மூன்று என்று எமக்குத் தோன்றுகின்றது. முதலாவது கண்வழி: அண்டை வீட்டான் செய்வதைக் கண்டு கற்றல். இரண்டாவது கைவழி: ஒரு பட்டறையிற் பயின்ற தொழிலாளி வேறு பட்டறைக்குச் செல்லுங்கால் தான் கற்றதையும் உடன்கொண்டு செல்லுதல். மூன்றாவது கடைவழி: மூலப்பொருள் விற்பானும் செய்பொருள் வாங்குவானும் பட்டறைதோறும் சென்று, ஓரிடத்துச் செய்தியை மற்றோரிடத்து உரைத்தல். இம்மூன்றும் நடத்தற்குத் தொழிலாளர் நெருங்கி வாழ்தல் வேண்டும். ஒரு தொழிலார் ஓரிடத்துத் திரண்டிருப்பதனால் விளையும் இந்நன்மையை மார்ஷல் என்னும் ஆங்கிலப் பொருணூலறிஞர் 1890-ல் வெளியிட்ட தம் நூலில் ஆராய்ந்து விளக்கினார். நூல் தோன்றுமுன்பே நம் நாட்டிற் கன்னாரத் தெருவும் தச்சர் தெருவும் நெசவாளர் தெருவும் இருந்தன. எனினும் நம் தெருக்களிற் கதவு ஒன்று சாத்தப்பட்டிருந்தது. அறிவு குலத்துக்குள் ஓடியது. சில வேளை குடும்பத்துக்குள்ளே தங்கியது. எம் பாட்டனார் காலத்தில் ஒரே நெஞ்சில் ஒடுங்கி மாய்ந்தது. சாட்டர்ட்டன் செய்தது அக்கதவைத் திறந்ததே.

இனி, குரோம்பேட்டைக்குரிய பகுதிக்கு வருவோம். தோல் பதனிடுதல் சென்னை மாகாணத்தில் நெடுங்காலமாக நடந்துவந்த தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே நம்மவர் கையாண்ட பொருள்கள். பட்டைச் சாறு நிரப்பிய தொட்டிகளில் தோலைப் பன்னாள் ஊறவைத்து எடுப்பர். இவ்வாறு பதனிட்ட தோல் சீமைக்கு மிகுதியாக ஏற்றுமதியாயிற்று. அந்நிலையில் 1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பினாற் பதனிடும் முறைக்கு உரிமை பெற்றார். பல நாள் வேலையை அம்முறை மிகச் சில நாளில் முடித்தது. ஆட்டுத்தோலினின்று மெல்லிய பளபளப்பான செருப்புத்தோல் அங்கே திரளாகச் செய்யப்பட்டது. விளைவு யாதெனின், அமெரிக்க வணிகர் நம் நாட்டிலிருந்து பதனிட்ட தோலை வாங்குதல் குறைந்து, பச்சைத்தோலை வாங்குதல் பெருகியது. தோல் நம்முடையது; தொழிலும் ஊதியமும் பிறருடையன ஆயின. சென்னைப் பகுதியிற் பதனிடுவோர் பலர் நிலைகுலைந்தனர்.

சாட்டர்ட்டன் 1903-ஆம் ஆண்டையொட்டி இம்முறையை ஆராயத் தொடங்கினார். நூலிற் படித்த அளவில் கைவரும் தொழிலன்று அது. நீர், உப்பு, தட்பவெப்பம், தோலின் இயல்பு இவை நாட்டுக்கு நாடு வேறுபடும். உப்புநீரின் புளிப்பு சற்று மிகின் தோலினுள் மருந்து பற்றாது. சற்றுக் குறையின் மேற்புறம் மட்டும் பற்றி உட்புறம் பச்சையாய் நிற்கும். இதனைப் பலகால் செய்து, பலகால் தவறி, கைப்பழக்கத்தால் அறிதல் வேண்டும். சென்னையின் வடபுறத்துச் செம்பியத்தில் அரசாங்கப் பதனீட்டுச்சாலை அமைந்தது. அங்கே செய்த தோல் முதலிற் பயன்பட்டது செருப்புக்கு மட்டுமன்று. கிணற்றிற் கவலை ஓட்டும் உழவர் நீர் முகக்கும் தோற்சாலுக்கும் பயன்பட்டது. பட்டையிற் பதனிட்ட தோல் ஓயாது நீரில் நனைந்து விரைவில் அழியும்; குரோம் தோல் நீரைத் தாங்கி நின்றது. சீமைக் கனவான்களின் காலணிக்கென்று தோன்றிய அறிவு நம் நாட்டுக் கமலைக் கிணற்றுக்கு வந்து சேர்ந்தது எண்ணி மகிழற்பாலது. வந்த அறிவை இருந்தவாறே வைத்துக்கொள்ளாது, தம் ஊர்த் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் இத்திறமே புதுமை காணல் எனப்படும்.

இங்கு எம் குறை ஒன்றையும் ஒளியாது உரைப்போம். குரோம்பேட்டையின் பெயர்க்காரணத்தை யாம் வகுப்பில் விளக்கிய நாளில், வினாவிய மாணவன் மீண்டும் எழுந்தான். தோல் முற்றப் பதனாயிற்றா என்பதனைத் தன் தந்தை அறியும் வகையை அவன் கூறினான். சிறு துண்டொன்றை அறுத்துக் கொதிநீரில் இடுவாராம். சுருங்காது நின்றால் பதன் முற்றியது, சுருங்கினால் முற்றவில்லை என்று கொள்வாராம். அவன் தந்தை நாகல்கேணியில் ஒரு தோற்சாலையில் உழைப்பவர். கேட்ட மாணவர் சிலர் மூக்கைப் பொத்தி நகைத்தனர். யாம் அவர்களை அடக்கினோம். ஆயினும் எம் உள்ளத்திலும் கணப்பொழுது ஓர் அருவருப்பு எழுந்தது மெய். உலகத்தின் ஆய்வுக்கூடங்களில் நடக்கும் அதே சோதனையை அச்சிறுவன் எமக்குக் கற்பித்தான். யாமோ அவன் தந்தையின் தொழிலை நோக்கினோமேயன்றி அறிவை நோக்கினோமில்லை. தோற்றொழில் செய்வாரை ஊர்க்கு வெளியே நிறுத்தி, அவர்தம் அறிவையும் ஊர்க்கு வெளியே நிறுத்திய சமூகத்திற் பிறந்தமையின் வந்த குற்றம் அது. கொல்லனும் கன்னானும் கற்றதைப் பிறர்க்கு ஒளித்தமை ஒரு குற்றம். பிறர் கற்றதைத் தாழ்வென்று கேளாது விட்டமை அதனினும் பெரிய குற்றம். இரண்டும் அறிவின் வழியை அடைப்பனவே.

சாட்டர்ட்டன் எடுத்த முயற்சிகள் எல்லாம் வென்றன என்று கூறுதற்கில்லை. சேலத்தில் அரசாங்க நெசவுச்சாலை ஒன்று அவர் மேற்பார்வையில் நடந்தது. நாடாவைக் கயிறிழுத்து ஓட்டும் விசைத்தறியன்ன கைத்தறியில், நெசவாளரை ஒரே கூரையின்கீழ் இருத்தி வேலை வாங்குதல் நோக்கம். பரம்பரை நெசவாளர் அதனை விரும்பவில்லை. தம் இல்லத்தில், மனைவி மக்களுடன், தம் விருப்பப்படி நெய்தவர்க்கு மணியடித்து வேலை தொடங்கும் சாலை சிறையாகத் தோன்றியது. சாலை நிலைக்கவில்லை. எனினும் அந்நாடாத்தறி நிலைத்தது. வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு, ஒருவரைக் கண்டு ஒருவர் அதனை மேற்கொண்டனர். சில பதின்மாண்டுகளில் அது மாகாணமெங்கும் பரவியது. மதிலுக்குள் வைத்துப் புகட்டியபோது ஏலாத அறிவு, திண்ணை வழியே தானாக நடந்து சென்றது. இத்தோல்வியிலும் ஒரு பாடம் உண்டு.

கிணற்றிறைப்பிலும் அவர் கருத்துச் செலுத்தினார். எருதுகள் இழுக்கும் கவலைக்கு மாறாக எண்ணெய் எஞ்சினும் எக்கியும் அமைத்து இறைத்தலால் வரும் செலவு யாது, பயன் யாது என்று கணக்கிட்டுக் காட்டினார். நீர் இறைத்தல் பற்றி நூலும் எழுதினார். உழவர் ஒருவர் நிலத்தில் எஞ்சின் ஓடினால் அயலார் பலர் வந்து வரப்பில் நின்று பார்ப்பர். பார்த்தவருள் ஒருவர் அடுத்த ஆண்டில் தாமும் வாங்குவர். எந்திரம் பெருகிய ஊரிற் பழுது பார்க்கும் கையும் பெருகும். பழுது பார்க்கக் கற்ற கை நாளடைவிற் புதியது செய்யவும் கற்கும். பிற்காலத்திற் கோயம்புத்தூரில் எக்கி செய்யும் பட்டறைகள் நூற்றுக்கணக்கிற் பெருகியமை இவ்வுண்மைக்குச் சான்று.

1908-ல் உதகமண்டலத்தில் தொழில் மாநாடு ஒன்று கூடியது. சென்னை மாகாணத்தில் தொழில்வளர்ச்சிக்கென்றே தனி இலாகா வேண்டுமென்று அம்மாநாடு பரிந்துரைத்தது. சாட்டர்ட்டன் அதன் தலைவரானார். அவ்வளவில் எதிர்ப்பும் எழுந்தது. அரசாங்கமே ஆலை நடத்தின் தம் வாணிகம் கெடும் என்று சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர் முறையிட்டனர். இந்திய மந்திரியாக இலண்டனில் இருந்த மார்லி பிரபு 1910-ல் அவர்பக்கமே தீர்ப்பளித்தார். தொழிற்கல்வி அளிப்பது தகும், அரசாங்கப் பணத்தால் ஆலை நடத்துவது தகாது என்பது அவர் முடிவு. இலாகா கலைந்தது. செம்பியத்துப் பதனீட்டுச்சாலை ரேவா சமஸ்தானத்து மகாராஜாவுக்கு விற்கப்பட்டது. சேலத்து நெசவுச்சாலையும் மூடப்பட்டது.

பன்னிரண்டு ஆண்டு உழைப்பு ஓர் ஆணையால் குலைந்தபோது அவர் உள்ளம் எவ்வாறு வருந்தியிருக்கும் என்பதனை நாம் ஊகித்தறியலாம். ஆயின் மார்லி பிரபுவின் ஆணை கட்டடத்தை மூடிற்றேயன்றிக் கற்றவர் கையை மூடமாட்டாதாயிற்று. அதன்பின் இரண்டாண்டு கழிந்த 1912-லேதான் பல்லாவரத்தருகே குரோம் லெதர் கம்பெனி எழுந்தது. அரசாங்கம் முன்னின்று செலவும் நட்டமும் ஏற்று வழி காட்டினால், தனியார் பின்வந்து அவ்வழியே செல்வர் என்று சாட்டர்ட்டன் வாதித்துவந்தது பொய்க்கவில்லை. அதே 1912-ல் அவர் எழுதிய கட்டுரைகள் இண்டஸ்ட்ரியல் எவல்யூஷன் இன் இண்டியா என்னும் பெயரால் சென்னையில் இந்து பத்திரிகை நிலையத்திலிருந்து நூலாக வெளிவந்தன. ஆங்கில அதிகாரி ஒருவர் நூலை நாட்டுப்பற்று மிக்க அப்பத்திரிகையார் வெளியிட்டமை, அவர்பால் நம்மவர் வைத்த மதிப்பைக் காட்டும்.

சென்னை தள்ளிய கல்லை மைசூர் எடுத்து மூலைக்கல் ஆக்கிற்று. 1912-ல் அவர் மைசூர் சமஸ்தானத்துத் தொழில் இலாகாவுக்கு அழைக்கப்பெற்றார். அவ்வாண்டிலேயே திவான் பதவியேற்றவர் விசுவேசுவரய்யர். இருவர் கருத்தும் ஒத்தன. மைசூர்க் காட்டுச் சந்தனக்கட்டை அதுகாறும் ஜெர்மனி முதலிய நாடுகளுக்குச் சென்று ஆங்கே தைலமாயிற்று. 1914-ல் மூண்ட பெரும்போர் அவ்வாணிகத்தை நிறுத்தியது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் தைலம் வடிக்கும் முறையை ஆராய்ந்து உதவ, 1916-ல் பெங்களூரிலேயே சந்தனத் தைல ஆலை தோன்றியது. ஆய்வுக்கூடமும் ஆலையும் ஓரூரில் அமைந்தமையால் விளைந்த பயன் இது.

1916-ல் தாமஸ் ஹாலண்டு தலைமையில் இந்தியத் தொழிற் கமிஷன் அமைந்தபோது சாட்டர்ட்டனும் ஓர் உறுப்பினரானார். பண்டித மதன்மோகன் மாளவியாவும் அக்குழுவில் இருந்து, தம் மாறுபட்ட கருத்தைத் தனியே விரிவாக எழுதினார். 1918-ல் வெளிவந்த அறிக்கை, தொழில் வளர்ச்சியில் அரசாங்கம் முனைந்து பங்குகொள்ளுதல் வேண்டும் என்று கூறியது. மார்லி பிரபு மறுத்தது எட்டாண்டில் அரசாங்கக் கமிஷனாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. சென்னையிலும் அதற்கு முன்பே 1914-ல் தொழில் இலாகா மீண்டும் ஏற்பட்டிருந்தது. 1919-ல் அவர்க்கு ஸர் பட்டம் கிடைத்தது. பின்னர் நெடுநாள் வாழ்ந்து, 1958-ல், தொண்ணூறு ஆண்டு கடந்த முதுமையில் உலகவாழ்வை நீத்தார்.

அவர் மறைந்த காலத்து நம் தாம்பரம் பகுதியின் நிலை யாது? பல்லாவரம், பம்மல், நாகல்கேணிப் பகுதிகளில் தோல் பதனிடும் சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து பெருகிவந்தன. தோல் விற்பாரும் மருந்து விற்பாரும் எந்திரம் பழுதுபார்ப்பாரும் அவற்றைச் சூழ்ந்து குடியேறினர். 1948-ல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியிருந்தது. 1949-ல் இராஜம் என்னும் வள்ளல் குரோம்பேட்டையிலேயே சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். அதிற் பயின்றவருள் ஒருவர் பின்னாளிற் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். சாட்டர்ட்டன் மறைந்த 1958-லேயே கிண்டியில் தொழிற்பேட்டை திறக்கப்பட்டது. சிறு தொழிலாளர் பலர் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து அமர்ந்து, ஒருவர் செய்வதை மற்றவர் காணும் இடம் அது. அதே ஆண்டில் அடையாற்று நிலையத்தின் தலைமையை ஏற்றவர் நாயுடம்மா. வேளாண் குடியிற் பிறந்து தோலறிவியலைத் தம் வாழ்வாகக் கொண்ட அப்பெரியார், பதனிடுவோரை நிலையத்துக்குள் அழைத்தார். நிலையத்தாரைப் பதனீட்டுச்சாலைகளுக்கு அனுப்பினார். 1985-ல் கனிஷ்கா விமானம் வெடிகுண்டால் வீழ்ந்தபோது அவர் உயிர் நீத்தது பேரிழப்பு. 1970-களில் அரசாங்கம் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முற்றப் பதனிட்ட தோலும் காலணியும் செய்து அனுப்புதலை ஊக்கியபோது, நம்மவர் அதற்கு ஈடுகொடுத்து நின்றமைக்கு இவ்வாறு பரவியிருந்த அறிவே துணையாயிற்று.

நன்மையை மட்டும் கூறித் தீமையை மறைத்தல் ஆசிரியர் தொழிலுக்கு அழகன்று. பதனீட்டுச்சாலைகளின் கழிவுநீர் நம் பகுதிக் கிணறுகளையும் ஏரிகளையும் கெடுத்தது. உப்பும் குரோமியமும் நிலத்திற் சுவறின. தோலைப் பதனிடும் அறிவு பட்டறைக்குப் பட்டறை விரைந்து ஓடிற்று. கழிவைத் தூய்தாக்கும் அறிவோ மிகப் பிந்தி, வழக்குமன்றம் வாயிலாக வந்தது. தமிழ்நாட்டுத் தோற்சாலைகளைக் குறித்து 1996-ல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்குப் பொறுப்பாளர் என்று உறுதிசெய்தது. சாலைக்கொன்றாகச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தல் சிறியார்க்கு இயலாதாகலின், பலர் கூடிப் பொது நிலையம் அமைத்தனர். ஊதியம் தரும் அறிவை அண்டை வீட்டானிடம் கண்டு கற்கும் நாம், ஊரைக் காக்கும் அறிவையும் அவ்வாறே கற்க வேண்டாவோ? சாட்டர்ட்டன் காலத்தார் இதனை எண்ணிப் பார்த்திலர். அவர்வழி வந்தோர் எண்ணியிருத்தல் வேண்டும்.

சாட்டர்ட்டன் அயலார் ஆட்சியின் ஊழியர் என்பதை யாம் மறந்தோமல்லோம். தாம் கொணர்ந்த அறிவுக்கு உழைப்பைத் தந்த தாழ்த்தப்பட்ட மக்கள் அதன் ஊதியத்தில் உரிய பங்கு பெற்றிலர் என்பதும் மெய். எனினும் அவர் வாழ்வைக் கணக்கிடுங்கால் ஒன்று விளங்குகின்றது. அவர் நடத்திய தொழிற்சாலை ஒன்றேனும் அவர் கையில் நிலைக்கவில்லை. பாத்திரத் தொழில் விற்கப்பட்டது, தோற்சாலை விற்கப்பட்டது, நெசவுச்சாலை மூடப்பட்டது. தமக்கென்று அவர் ஒன்றும் பூட்டிவைத்திலர். ஆகவே அவர் தந்தது அழிந்திலது. எம் பாட்டனார் எல்லாவற்றையும் பூட்டிவைத்தார்; ஆகவே எமக்கு ஒன்றும் கிடைத்திலது. இருவரும் திறமையாளரே. வேறுபாடு பூட்டில் உள்ளது.

அன்பர்காள்! நம் சங்கத்தின் கட்டடத்தில் மாதந்தோறும் கூட்டம் நடைபெறுகின்றது. திருமணப் பொருத்தமும் சந்தா நிலுவையும் பேசுகின்றோம், அவையும் வேண்டுவனவே. அவற்றோடு, மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, நம்முள் தொழில் செய்வார் ஒருவர் தம் கருவியோடு வந்து தாம் அறிந்த ஒன்றை நம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுதல் ஆகாதோ? வார்ப்பவர் வார்ப்பையும், பற்றவைப்பவர் பற்றவைப்பையும், கணிப்பொறியால் எந்திரம் கடைபவர் அதனையும் காட்டலாம். நம் குலத்தார் மட்டுமன்றி, அண்டையிலுள்ள பிற குலத்துப் பிள்ளைகளும் வந்து காணட்டும். நாகல்கேணித் தொழிலாளியும் வந்து தம் கொதிநீர்ச் சோதனையை நமக்குக் காட்டட்டும். கதவைத் திறந்தால் உள்ளது வெளியே போய்விடும் என்று அஞ்சுவார் சிலர் உளர். வெளியே உள்ளது உள்ளே வருவதும் அக்கதவின் வழியேதான்.

அடுத்த முறை குரோம்பேட்டை நிலையத்தில் வண்டி நிற்குங்கால், உடன்வரும் சிறுவர்க்கு அப்பெயரின் வரலாற்றை எடுத்துச் சொல்லுங்கள். யாம் ஒருநாள் மாணவன்முன் விடையின்றி நின்றது போல நீங்கள் நில்லாதிருப்பீர்களாக. அறிவு ஊரெங்கும் ஓங்குக, ஊர் வாழ்க.